கணப்படுப்புக்கு மரக்கட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அழுத்திய மரக்கட்டிகளையும், மரத்தூளை அழுத்திச் சிறு குச்சிகளாக்கிய பெல்லட்டுகளையும் எரித்து வீட்டைச் சூடாக்குவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கணப்படுப்பு பொருத்துவதும் புகைபோக்கி சுத்தம் செய்வதும் என் தொழில். அதனால் விளம்பரத் தாளில் எழுதியிருப்பதைவிட, எரிந்து முடிந்த பிறகு அடுப்பிலும் குழாயிலும் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மரத்தூளை அழுத்திச் செங்கல் மாதிரி செய்த கட்டிகளை விற்கிறார்கள். பசை போட்டு ஒட்டியிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. விறகைப் போல இரண்டு மடங்கு சூடு தரும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா ஐயா?
— முதல் குளிர்காலத்துக்குத் தயாராகும் வாசகி

பசை பற்றிய பயம் வேண்டாம் அம்மா. மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். அழுத்தமும் சூடும் சேர்ந்தால் அது மெழுகு மாதிரி இளகும், ஆறினால் இறுகிவிடும். காய்ந்த மரத்தூள் அந்த லிக்னினாலேயே ஒட்டிக்கொள்கிறது. பெல்லட்டில் மட்டும் கொஞ்சம் மாவுச்சத்து சேர்ப்பார்கள். சேர்மானம் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தர விதியே இருக்கிறது. பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய வேலிக் கட்டை ஆகியவற்றின் தூள். மேல் விவரம் எதுவும் அச்சிடாத உறையில் வருவதை வாங்காதீர்கள்.

இரண்டு மடங்கு சூடு என்பது, எந்த விறகோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அப்போதுதான் வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை எரித்தால் கிலோவுக்குச் சுமார் 2.2 யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். நன்றாகக் காய்ந்து ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய விறகு 4 யூனிட் தரும். 8 சதவீத ஈரமுள்ள மரக்கட்டி 4.7 யூனிட் தரும். மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான் இது. ஆக, பச்சை விறகுக்கு எதிரில் கடைக்காரர் சொல்வது சரி. ஒழுங்காகக் காயவைத்த விறகுக்கு எதிரில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அப்படியானால் எதற்கு வாங்குவது என்று கேட்பீர்கள். காய்ந்த விறகு என்று விற்பதில் பாதிக்கு மேல் காயாதது என்பது என் அனுபவம். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும். கோடாரியால் பிளந்து, பிளந்த முகத்தில் ஈரமானியை வைத்தால் முப்பதைக் காட்டும். மரக்கட்டியில் அந்தச் சந்தேகம் இல்லை. ஆலையிலேயே காயவைத்துத்தான் அழுத்துகிறார்கள், ஈரம் இருந்தால் கட்டியே பிடிக்காது. உங்களுக்கு இடமும் இரண்டு கோடைகாலப் பொறுமையும் இருந்தால் விறகையே அடுக்கிக் காயவையுங்கள். இல்லையென்றால் மரக்கட்டி நல்ல தேர்வு.

செங்கல் வடிவம், நடுவில் ஓட்டை போட்ட எட்டுப்பட்டை வடிவம், உருளை வடிவம் என்று மூன்று கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?
— புது அடுப்பு வாங்கிய வாசகர்

ஓட்டை உள்ளது திருகு முறையில் அதிகச் சூட்டில் பிழிந்து எடுப்பது. அதனால் மேல்தோல் கருகிக் கறுத்திருக்கும். காற்று நடுவே போவதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டு கொழுந்துவிட்டு எரியும். குளிர்ந்த வீட்டைச் சட்டென்று சூடாக்க அது நல்லது. செங்கல் வடிவம் மெதுவாக எரியும், அடுக்கி வைக்க வசதி. உருளை இரண்டுக்கும் நடுவில். சிறு கட்டி ஒன்று இரண்டை உடைத்துப் பற்றவைத்து, பிறகு பெரிய கட்டி போடுங்கள்.

வடிவத்தைவிட அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விறகைப் போடுவதுபோல் அடுப்பை வாய்வரை நிரப்பிவிடுகிறார்கள். 5 கிலோவாட் அடுப்பு, அதன் திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு அதற்கு வேண்டியது 1.3 கிலோ மரக்கட்டிதான். மூன்று கிலோவைத் திணித்தால் அடுப்பின் உள்தகடு வளைந்துவிடும், உள்செங்கல் விரிசல் விடும். போதாததற்குச் சில கட்டிகள் எரியும்போது வீங்கி நீளும். கண்ணாடிக் கதவில் போய் முட்டும். அடுப்பின் வாயில் பாதி காலியாக இருக்கட்டும். எரியும் கட்டியைக் கம்பியால் குத்தாதீர்கள். பொலபொலவென்று உதிர்ந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும்.

சாதாரண விறகு அடுப்பில் பெல்லட் போட்டு எரிக்கலாமா?
— சிக்கனம் விரும்பும் வாசகர்

வேண்டாம். பெல்லட் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு குச்சி. குவித்துப் போட்டால் இடையில் காற்றுப் போகாது. மேலே புகைந்துகொண்டு உள்ளே கரியாகக் கிடக்கும். பெல்லட் அடுப்பில் ஒரு திருகாணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட, விசிறி அளந்து காற்று கொடுக்கிறது. அந்த அளவுக் கணக்கால்தான் அது சுத்தமாக எரிகிறது. இன்னொன்று, திருகாணியும் விசிறியும் பற்றவைக்கும் கம்பியும் மின்சாரத்தில் ஓடுபவை. கரண்ட் போனால் அடுப்பும் நின்றுவிடும். அடிக்கடி மின்தடை வரும் இடமானால் மரக்கட்டி போடும் சாதாரண அடுப்பே துணை.

நல்ல பெல்லட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி

மூட்டையில் ஐஎஸ்ஓ 17225-2, ஏ1 வகுப்பு என்றோ, என்பிளஸ் ஏ1 என்றோ இருக்கிறதா பாருங்கள். ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், கிலோவுக்கு 4.6 யூனிட்டாவது வெப்பம் என்பது அதற்கு அர்த்தம். பிறகு மூட்டையின் அடியைத் தடவிப் பாருங்கள். தூள் நிறையச் சேர்ந்திருந்தால் வேண்டாம். அந்தத் தூள்தான் திருகாணியை அடைத்து, எரிகலத்தில் கட்டிதட்டுகிறது. நாலு பெல்லட்டை ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். நன்றாக அழுத்தியது மூழ்கும், மோசமானது மிதக்கும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெளுத்ததும் கறுத்ததும் மரத்தின் இனத்தாலும் காயவைத்த சூட்டாலும் வருவது.

வைக்கோல், உமி போன்றவற்றில் செய்த பெல்லட்டும் வருகிறது. உமியில் சாம்பலே ஏறக்குறைய 20 சதவீதம். வைக்கோல் சாம்பலோ குறைந்த சூட்டிலேயே உருகிக் கல்லாக இறுகிவிடும். அதற்கென்றே செய்த அடுப்பு இருந்தால் எரியுங்கள். வீட்டு பெல்லட் அடுப்பில் போடாதீர்கள்.

"மரத்தை எரிப்பது பசுமையா? காட்டை வெட்டித்தானே இதையெல்லாம் செய்கிறார்கள்?" என்று என் மகள் சண்டைக்கு வருகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல?
— மரக்கட்டிக்கு மாற நினைக்கும் தந்தை

உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இது. "மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பனைத்தானே எரியும்போது விடுகிறது, ஆகவே கணக்கு நேர்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான்.

முதலில் கசப்பான பாதி. ஒரு யூனிட் வெப்பத்துக்கு மரம் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடு, இயற்கை எரிவாயு விடுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது எரிந்த நிமிடமே காற்றில் கலந்துவிடும். அதைத் திரும்ப உள்ளிழுக்க வேண்டிய மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நின்றிருந்த நல்ல மரத்தை எரிப்பதற்காகவே வெட்டிப் பெல்லட் ஆக்கினால், அந்தக் கடன் உங்கள் மகளின் காலத்தில் அடையாமலும் போகலாம். நான் அப்படிப்பட்ட எரிபொருளை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இனி மறு பாதி. உருண்டை மரத்தை மில்லில் அறுத்தால் பலகையாக வருவது ஏறக்குறைய பாதிதான். மீதி ரம்பத்தூள், இழைப்புச் சுருள், ஓரச் சீவல். வீடு கட்டவும் மேசை நாற்காலி செய்யவும் மரம் அறுக்கும்வரை இந்தத் தூள் விழுந்துகொண்டேதான் இருக்கும். குவித்து வைத்தால் மக்கும். மக்கினாலும் அதே கார்பன் கொஞ்ச காலத்தில் காற்றுக்குத்தான் போகும். அதைக் காயவைத்து அழுத்தி, ஒரு வீட்டைச் சூடாக்கிவிட்டுப் போகச் செய்வதில் எனக்கு மனசாட்சி உறுத்தல் இல்லை. இதற்காக ஒரு மரமும் கூடுதலாக விழவில்லை.

எனவே மகளோடு உட்கார்ந்து, வாங்கப்போகும் கடையில் இதைக் கேளுங்கள்: இது மில் கழிவா, முழு மரமா? மில் எங்கே இருக்கிறது? தூளை எதை எரித்துக் காயவைக்கிறார்கள்? தன் மரப்பட்டையையே எரித்துக் காயவைக்கும் ஆலையும் இருக்கிறது, எரிவாயுவில் காயவைக்கும் ஆலையும் இருக்கிறது. பக்கத்து மில்லில் அழுத்திய கட்டிக்கும் கடல் கடந்து வந்ததற்கும் வித்தியாசம் உண்டு. பதில் சொல்லத் தெரியாத கடையைவிட, சொல்லத் தெரிந்த கடையே மேல்.

முத்திரைகளைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1993-ல் தொடங்கிய எஃப்எஸ்சி, 1999-ல் தொடங்கிய பிஇஎஃப்சி இரண்டும் காட்டை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பவை. கட்டி காய்ந்திருக்கிறதா என்று அவை சொல்லாது. என்பிளஸ் ஏ1 முக்கியமாக எரிபொருளின் தரத்தைப் பற்றியது. அதை மட்டும் வைத்துக் காட்டைப் பற்றி முடிவு செய்ய முடியாது. இரண்டு வகை முத்திரையும் மூட்டையில் இருந்தால் நிம்மதி. அரசுகளும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் திருத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், பலகைக்கு ஆகிற அடிமரத்தையும் வேர், அடிக்கட்டைகளையும் எரித்து எடுக்கும் எரிசக்திக்கு நேரடி நிதியுதவி கூடாது என்கிறது.

அப்புறம், எந்தக் கட்டி வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் ஜன்னல் இடுக்கையும் கூரையையும் கவனியுங்கள். வெளியே ஓடும் சூட்டை அடைத்தால் எரிக்க வேண்டியதே குறையும். அதற்கு மேல் பசுமையான எரிபொருள் இல்லை.

நிலவறையில் பெரிய தொட்டி கட்டிப் பெல்லட்டை மொத்தமாக நிரப்பியிருக்கிறோம். கீழே போனால் ஒரு காரமான வாடை. சில நேரம் தலை வலிக்கிறது. புது மர வாசனை, போகப்போகச் சரியாகும் என்கிறார்கள். சரிதானா?
— மூன்று குழந்தைகளின் தாய்

அம்மா, இதைப் படித்த உடனே நிலவறையின் வெளிப்பக்கக் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். குழந்தைகளைக் கீழே அனுப்பாதீர்கள். தலைவலி இருப்பவர் வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரிடம் போகட்டும்; பெல்லட் இருந்த அறையில் இருந்தேன் என்று சொல்லட்டும்.

எரிகிற அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும் என்பது பலருக்கும் தெரியும். எரியாமல் சும்மா கிடக்கும் பெல்லட்டிலிருந்தும் அது வரும் என்பது தெரிவதில்லை. மரத்திலுள்ள கொழுப்பும் பிசினும் காற்றோடு சேர்ந்து மெல்ல மாறும்போது கார்பன் மோனாக்சைடும் காரமான வாடையுள்ள ஆவிகளும் கிளம்புகின்றன. அறையின் ஆக்சிஜனும் குறைகிறது. பைன் போன்ற பிசின் மரங்களில் இது அதிகம். ஆலையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் இன்னும் அதிகம். வாடையாவது மூக்குக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெல்லட் ஏற்றிய கப்பல்களின் அறைகளிலும் வீடுகளின் பெல்லட் கிடங்குகளிலும் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றப் பின்னால் இறங்கியவர்களுக்கும் அதே ஆபத்து. இதற்காகவே வீட்டுக் கிடங்குகளுக்கு ஐஎஸ்ஓ 20023 என்ற தரம் 2018-ல் வந்தது.

உங்கள் தொட்டிக்கு நேராக வெளியே திறக்கும் காற்றுவழி வேண்டும். வீட்டுக்குள் திறப்பது போதாது, அது ஆபத்தும்கூட. நிலவறைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு இறுக்கமாக மூட வேண்டும். நிலவறையில் ஒன்றும் படுக்கையறைப் பக்கம் ஒன்றுமாகக் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். தொட்டிக்குள் யாரும் தலையை நீட்டக் கூடாது, இறங்கவே கூடாது. சுத்தம் செய்ய வேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்தவர் வரட்டும். அவரும் கதவுகளைத் திறந்து போதிய நேரம் காற்றாடவிட்டு, வெளியே ஒரு ஆளை நிறுத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மற்ற வாசகர்கள் பயந்துவிட வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் சில மூட்டைகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு சேராது. ஆனால் அலாரம் எல்லா வீட்டுக்கும் வேண்டும். அடுப்பு பொருத்தப் போகிற வீட்டில் அலாரம் இல்லையென்றால் நான் முதல் தீயை மூட்டுவதில்லை.

ராத்திரி கட்டியைப் போட்டுக் காற்றை முழுக்க அடைத்துவிட்டால் காலைவரை தணல் இருக்கிறது. ஆனால் கண்ணாடி கறுத்துவிடுகிறது. எதைக் கொண்டு துடைக்கலாம்?
— ஒரு வாசகர்

துடைப்பதற்கு ஈரத்துணியில் கொஞ்சம் சாம்பல் தொட்டுத் தேய்த்தால் போதும். ஆனால் கண்ணாடியில் படிந்தது புகைபோக்கியிலும் படிந்திருக்கும், அதை யார் துடைப்பது? காற்றில்லாமல் மரம் எரியாது, புழுங்கும். அந்தப் புகை குளிர்ந்த குழாயில் தாராக ஒட்டுகிறது. கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இறுகிய அந்தக் கறுப்பை நான் பல வீடுகளில் பிரஷ்ஷால் எடுக்க முடியாமல் திணறியிருக்கிறேன். ஒரு நாள் அது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே கொள்ளியாகும். உங்கள் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இந்தக் குளிர்காலத்தில் மறுபடி எரிப்பதற்கு முன்னால் புகைபோக்கியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் சூடு நீடிக்க வேண்டுமென்றால், மரப்பட்டையை அழுத்திச் செய்த கட்டி தனியாகக் கிடைக்கிறது. கொழுந்து குறைவு, தணல் நீளம், சாம்பல் கொஞ்சம் அதிகம். நல்ல தணல்மேல் அதை வைத்து, அடுப்பின் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றைக் குறையுங்கள். முழுக்க அடைக்காதீர்கள்.

சமையலறை விசிறியைப் போட்டால் அடுப்புக் கதவைத் திறக்கும்போது புகை உள்ளே வருகிறது. புகைபோக்கி அடைப்பா?
— ஒரு வாசகி

விசிறிதான் காரணமாக இருக்கும். ஒரு கிலோ மரம் எரிய நாலு கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். நடைமுறையில் அடுப்பு அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். இறுக்கமாக அடைத்த வீட்டில் விசிறியும் அடுப்பும் ஒரே காற்றுக்குப் போட்டி போடுகின்றன. அடுப்புக்கென்று வெளிக்காற்றுக் குழாய் வையுங்கள். அதுவரை இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள்.

ஒரு குளிர்காலத்துக்கு எவ்வளவு பெல்லட் வாங்கி வைக்க?
— கணக்கு போடும் வாசகர்

வீட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் வெப்பம் தேவை என்று பழைய எரிவாயு அல்லது மின்சார பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 12,000 யூனிட் என்று வைப்போம். அடுப்பின் திறன் 85 சதவீதம், பெல்லட் கிலோவுக்கு 4.8 யூனிட் என்றால் ஏறக்குறைய 3 டன் ஆகும். இடம் சுமார் நாலரை கன மீட்டர் வேண்டும். எண்ணெயில் சூடாக்கியவர்களுக்குச் சுலபமான கணக்கு: ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோ பெல்லட். எங்கே வைத்தாலும் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். தண்ணீர் பட்டால் மறுபடி மரத்தூளாகிவிடும், அதை மீட்க வழி இல்லை.

என் பேரனுக்கு ஆஸ்துமா. பெல்லட் அடுப்பில் புகையே வராது என்கிறார்களே, வாங்கட்டுமா?
— ஒரு பாட்டி

புகையே வராது என்பது உண்மையில்லை அம்மா. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் மூடிய விறகு அடுப்பு ஒரு கன மீட்டர் புகைவாயுவில் 40 மில்லிகிராம் துகள் வரை விடலாம், பெல்லட் அடுப்பு 20 மில்லிகிராம் வரை. பாதி என்பது நல்ல முன்னேற்றம், ஆனால் பூஜ்யம் இல்லை. நுரையீரலுக்குள் போகும் பி.எம். 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு, நாம் சுவாசிக்கும் கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம்.

வீட்டில் வெப்ப பம்பு (வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வைக்க வழி இருந்தால் அதை வையுங்கள். நான் அடுப்பு பொருத்துகிறவன்தான். ஆனாலும் மூச்சுக்குத் திணறும் குழந்தை உள்ள வீட்டில் மரம் எரிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வேறு வழியே இல்லையென்றால் வெளிக்காற்றை இழுக்கும் இறுக்கமான பெல்லட் அடுப்பு வாங்குங்கள். சாம்பல் அள்ளும்போது பேரன் அந்த அறையில் இருக்க வேண்டாம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மரக்கட்டிச் சாம்பலைச் செடிக்குப் போடலாமா?
— தோட்டம் வைத்திருக்கும் வாசகி

போடலாம். சுத்தமான மரத்தின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு. மண்ணின் புளிப்பைக் குறைக்கும் என்பதால், புளிப்பு மண் கேட்கும் செடிகளுக்கு வேண்டாம். மற்றவற்றுக்கு மெல்லியதாகத் தூவி மண்ணோடு கிளறுங்கள். ஆனால் அள்ளிய அன்றே போடாதீர்கள். சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே கல் தரையில் வைத்து, முழுக்க ஆறிய பிறகு எடுங்கள். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, குப்பைப்பை எதுவும் வேண்டாம்.